ட்ரையல் மாமா காசு கட்டிய கதை

அவரிடம் யாராவது, "கம்ப்யூட்டர்ல பாட்டு பண்ணலாம்னு இருக்கேன். ஓசியில கிடைக்கிற சாஃப்ட்வேர் போதுமா, காசு கட்டி வாங்கணுமா?" என்று கேட்டுவிட்டால் போதும். கேட்டவர் அன்றைக்குச் செய்ய நினைத்திருந்த மற்ற காரியங்களை மறந்துவிட வேண்டியதுதான். "முதல்ல மூணு விஷயம் பார்க்கணும்" என்று ஆரம்பிப்பார். முதல் விஷயத்துக்குள் ஐந்து கிளை பிரியும். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு முன்கதை இருக்கும். மூன்றாவது விஷயம் என்ன என்பதை இன்றுவரை ஒருவரும் முழுசாகக் கேட்டதில்லை.

ஆனாலும் கேட்க ஆள் வந்துகொண்டேதான் இருந்தது. இணையத்தில் இசை பண்ணுகிறவர்கள் கூடிப் பேசும் இடங்களில் அவர் பேச்சுக்குத் தனி மரியாதை. எந்த இலவச மென்பொருளில் மத்தளச் சத்தம் தகரமாகக் கேட்கும், காசு கட்டி வாங்குவதில் எது கம்ப்யூட்டரை மூச்சுத்திணற வைக்கும், எல்லாம் விரல் நுனியில். கல்யாண வீடுகளில் கீபோர்டு வாசிக்கிறவர்கள்கூட போன் போட்டுக் கேட்பார்கள். கேட்டுவிட்டு, அவர் சொன்னதில் பாதி புரியாமல், கையில் கிடைத்ததை வைத்துப் பாட்டைப் பண்ணி முடித்து, சம்பளத்தையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

அவர் மட்டும் ஒரு பாட்டும் பண்ணவில்லை.

பண்ணத் தெரியாமலில்லை. கல்யாணத்துக்கு முன்பே ஒரு கீபோர்டு வாங்கி, யாரிடமும் போகாமல் தானே தட்டித் தட்டிப் பழகியவர். கல்யாணமான புதிதில் மனைவியிடம், "உனக்காக ஒரு பாட்டு பண்ணிட்டிருக்கேன்" என்று சொன்னார். அவளும் நம்பினாள். புதிதில் எல்லோரும் நம்புவார்கள். பிறகு மகள் பிறந்து, வளர்ந்து, படிக்க வெளியூரும் போய்விட்டாள். மகளின் அறை ஸ்டூடியோ ஆனது. ஸ்டூடியோ என்றால் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், மேலே துண்டு போர்த்திய அந்தப் பழைய கீபோர்டு, சுவரோரமாக மகளின் சின்ன வயதுத் துணிகள் அடைத்த பெட்டிகள். பாட்டு மட்டும் வந்தபாடில்லை.

காரணம் கேட்டால் தயாராக இருக்கும். இலவசத்தில் பண்ணலாம், ஆனால் சத்தம் திருப்தியாக இல்லை. காசு கட்டுவதில் சத்தம் திருப்தியாக இருக்கிறது, ஆனால் முழுசாகச் சோதித்துப் பார்க்காமல் எப்படிக் காசைக் கொடுப்பது? ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டாமா? அதனால் விற்பனைக்கு வரும் ஒவ்வொன்றையும் சோதனைக்காலம் என்று சும்மா கொடுப்பார்களே, அந்தக் காலத்துக்கு வாங்கிப் போட்டுப் பார்ப்பார். காலம் முடிந்ததும் அடுத்தது. எல்லாவற்றையும் பார்த்து முடிப்பதற்குள் முதலில் பார்த்ததில் புதுப் பதிப்பு வந்திருக்கும். அதற்கும் சோதனைக்காலம் உண்டு. செக்குமாடுகூட எப்போதாவது அவிழ்த்துவிடப்படும், இவருக்கு அந்தப் பேச்சே கிடையாது.

மனைவியின் தம்பி ஒருநாள் சாப்பிட வந்தவன் அந்த அறைக்குள் எட்டிப் பார்த்தான். பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அவனுக்கு. வீடு வீடாக ஏறி இறங்கி வாய் நன்றாகவே வளர்ந்திருந்தது. திரையில், 'உங்கள் ட்ரையல் முடிகிறது' என்று எழுத்து நின்றுகொண்டிருந்தது.

"மாமா, போன தடவை வந்தப்பவும் இதே எழுத்துதான் நின்னுச்சு."

"அது வேற சாஃப்ட்வேர்ப்பா."

"எழுத்து அதேதான் மாமா. பாட்டு எப்ப?"

"அவசரப்பட்டா நடக்கிற காரியமா இது?"

"ஐயோ, அவசரமே வேணாம். அக்காவுக்கு அறுபது முடியட்டும், மெதுவாப் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான். போகிற போக்கில் ஒரு பெயரையும் வைத்துவிட்டுப் போனான்: ட்ரையல் மாமா. பெயர் வீட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி, அவர் வேலை பார்க்கும் இடம் வரை போய்ச் சேர்ந்தது. நாமும் அப்படியே கூப்பிடுவோம். அவருக்குக் கோபம் வராது. பழகிவிட்டது.

வேலை, காது பரிசோதிக்கும் நிலையத்தில். பஞ்சு ஒட்டிய சுவரும், குளிர்பதனப் பெட்டிக்கு இருப்பது போன்ற கனமான கதவும் கொண்ட ஒரு சின்ன அறை. வந்தவரை உள்ளே உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்துவிட்டு, இவர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்காருவார். சின்னச் சின்னச் சத்தங்களாக அனுப்புவார். கேட்டால் உள்ளே இருப்பவர் பொத்தானை அமுக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாஸாகிவிட வேண்டும் என்ற ஆசையில் பலர் சத்தம் வராதபோதும் அமுக்குவார்கள். அவர்களைக் கண்டுபிடிப்பதற்கென்றே நடுநடுவே ஒன்றும் அனுப்பாமல் சும்மா இருக்க வேண்டும். எப்போது சும்மா இருப்பது, எவ்வளவு நேரம் சும்மா இருப்பது என்பதில் ட்ரையல் மாமா கெட்டிக்காரர். நிலையத்து டாக்டரே அதற்காக அவரைப் பாராட்டியிருக்கிறார். சும்மா இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஆனால் வேலை வேறு, கலை வேறு என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

மனைவிக்கு ஆஸ்பத்திரியில் வேலை. மூட்டு அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் வகுப்பு அவளுடையது. கீழ்த்தளத்தில், மருந்து வாங்கும் இடத்தைத் தாண்டி ஒரு நீளமான கூடம். சுவரோடு சுவராகப் பிடித்துக்கொள்ளக் கம்பி, வரிசையாகக் கைப்பிடி வைத்த நாற்காலிகள், மூலையில் பாட்டு போடும் பெட்டி. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், தையல்கடை வைத்திருந்த அம்மா ஒருவர், கணக்கு டீச்சர் ஒருவர் என்று ஒரு கூட்டம் புது முழங்கால்களோடு அங்கே வந்து சேரும். வலிக்கிற காலை யாரும் தானாகத் தூக்க மாட்டார்கள். பாட்டு போட்டால் தூக்குவார்கள். அந்த வகுப்புதான் அவளுக்கு உயிர். வீட்டில் அவள் யாரையும் இவ்வளவு பொறுமையாகப் பார்த்து யாரும் பார்த்ததில்லை.

அந்த வகுப்புக்குத்தான் ஆபத்து வந்தது. ஆஸ்பத்திரிக்குப் புது மேலாளர் வந்தார். வெளியில் வாங்கிய பாட்டுகளைக் கூடத்தில் போடக் கூடாது, உரிமைக்காரர்கள் கேள்வி கேட்பார்கள் என்றார். அதோடு நிற்கவில்லை. சுவரில் பெரிய டிவி ஒன்றை மாட்டிவிட்டால், பயிற்சி செய்து காட்டும் வீடியோ தானாக ஓடும், ஆளே தேவையில்லை என்றும் சொன்னார். அவளுக்கு? ஃபைல் அறையில் ஓர் இடம் காலியாக இருக்கிறதாம். கடைசியில் இறங்கி வந்து, சொந்தமாகப் பாட்டு ஏதாவது ஏற்பாடு செய்து வகுப்பை நடத்திக் காட்டுங்கள், மாதக் கடைசியில் வந்து பார்த்து முடிவு சொல்கிறேன் என்று ஒரு வாய்தா கொடுத்தார்.

அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஸ்டூடியோ வாசலில் நின்றாள்.

"என்னங்க, நீங்க ஒரு பாட்டு பண்ணித் தரணும்."

ட்ரையல் மாமாவுக்கு நெஞ்சு விம்மியது. இத்தனை வருஷத்தில் அவரை நம்பி ஒருவர் பாட்டு கேட்பது இதுதான் முதல் தடவை.

"தர்றேன். பிரமாதமாப் பண்ணிடலாம். முதல்ல மூணு விஷயம் பார்க்கணும்..."

"பாருங்க" என்றாள். அவள் குரலில் இருந்த களைப்பை அவர் கவனித்திருக்கலாம்.

பார்த்தார். இலவசத்தை ஒரு முறை, காசு கட்டுவதை ஒரு முறை, மறுபடி இலவசத்தை. இடைப்பட்ட நாட்களில் கூடத்தில் பாட்டில்லாமல் அவளே வாயால் எண்ணி வகுப்பு நடத்தினாள். தொண்டை கட்டிக்கொண்டது. கண்டக்டர், "ஏம்மா, உன் வீட்டுக்காரர் பாட்டு பண்ணுவாருன்னியே, பண்றாரா, பயிர் பண்றாரா?" என்று கேட்டுவிட்டாராம்.

அந்தச் சாயங்காலம் அவள் ஸ்டூடியோவுக்குள் வந்து, மகளின் துணிப்பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். சத்தம் போடவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"ஓசியில என்னங்க குறை?"

"வயலின் கொஞ்சம் தகரமா..."

"காசு கட்டுறதுல?"

"அதுல ஒண்ணும் குறையில்ல. ஆனா காசு..."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். உங்களுக்கு ஆடவும் தெரியும், அதுதான் எனக்கு ஆத்திரமா வருது. யாரும் கேக்கலைன்னு நினைச்சுக்கிட்டு ஒண்ணு வாசிப்பீங்களே, நான் சமையல்கட்டுல இருக்கும்போது? அதை வாசிங்க. இப்போ எது திறந்து கிடக்கோ அதுலயே வாசிங்க."

திறந்து கிடந்தது, காசு கட்ட வேண்டிய ஒன்றின் ட்ரையல். அந்தக் கம்பெனிக்காரன் தாராளமானவன், ஆனால் விவரமானவன். எல்லா வசதியையும் திறந்து விட்டிருந்தான். ஒன்றே ஒன்றுதான்: நிமிஷத்துக்கு ஒருமுறை சத்தம் சட்டென்று நின்றுவிடும். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரத்துக்கு ஊமையாகிவிட்டு, பிறகு விட்ட இடத்துக்கு அப்பாலிருந்து தொடரும். காசு கட்டச் சொல்லி ஞாபகப்படுத்துகிறானாம். பாட்டை முடித்துத் தனியாக எடுத்தாலும் அந்த ஊமை இடங்கள் அதனதன் இடத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும்.

அவர் துண்டை எடுத்துவிட்டு வாசித்தார். அவள் பெட்டிமேல் உட்கார்ந்து முழங்காலை மெதுவாகத் தூக்கி இறக்கிப் பார்த்தாள். "இன்னும் மெதுவா... ம், இது சரி." அவர் திருத்தினார், மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். ஓடவிடும்போதெல்லாம் அதே இடத்தில் சத்தம் நின்றது. கை அதற்குப் பழகிப்போனது. மெட்டு மேலே மேலே ஏறி, அந்த இடத்துக்கு வந்ததும் ஏறுவதை விட்டுவிட்டது. ஊமை முடிந்ததும் கீழிருந்து சாவகாசமாகத் தொடங்கியது. அவர் வேண்டுமென்று அப்படிச் செய்யவில்லை. அவருக்கு அது தெரியவும் இல்லை. இரண்டு மூன்று சாயங்காலங்களில் பாட்டு முடிந்துவிட்டது. இருபது வருஷமாக வராதது வந்தேவிட்டது.

"இது சாம்பிளுக்குத்தான்" என்று சொல்லித்தான் கொடுத்தார். "அங்கங்க விட்டு விட்டு வரும். ஒரிஜினல் பின்னால தர்றேன்."

"வர்றது வரட்டும்" என்று வாங்கிக்கொண்டு போனாள்.

அன்று அவருக்கு வேலையே ஓடவில்லை. பொத்தான் அமுக்குகிற ஒருவரைப் பாதியில் மறந்து சும்மா உட்கார்ந்துவிட்டார். உள்ளே இருந்தவர் அப்போதும் விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தார். சாயங்காலம் மனைவி வந்த வேகத்திலேயே தெரிந்தது.

"என்னங்க, ஓஹோன்னு இருந்துச்சு! பாட்டு ஏறுதா, எல்லாரும் காலைத் தூக்குறாங்க. நின்னுச்சா, தூக்கின கால் அப்படியே நிக்குது. திரும்ப ஆரம்பிச்சதும் மெதுவா இறக்குறாங்க. நான் வாயே திறக்கல. அந்த இடத்துக்கு அவங்களே பேரு வச்சுட்டாங்க, ஸ்டாப்பிங்காம். கண்டக்டர் வச்ச பேரு. தையல்கடை அம்மா இருக்காங்களே, அவங்க இன்னிக்குத்தான் முதல்தடவையா சிரிச்சாங்க."

"எந்த இடம்?"

"அதாங்க, சத்தம் நிக்குதே, அந்த இடம்."

வேறு ஒருவராக இருந்தால் மனைவியைத் தூக்கி ஒரு சுற்று சுற்றியிருப்பார். ட்ரையல் மாமாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. விலைச்சீட்டைக் கிழிக்காமல் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு விருந்துக்குப் போனது போல இருந்தது அவருக்கு. ஊர் முழுக்க இதைப் பற்றிப் பாடம் நடத்துகிறவரின் பாட்டு, காசு கட்டாத ஊமையோடு ஆஸ்பத்திரியில் ஓடுகிறது! விவரம் தெரிந்தவன் ஒருவன், யாராவது நோயாளியின் மகனோ மருமகனோ, கேட்டானென்றால் சிரிக்க மாட்டானா?

"மேலாளர்கூட இன்னிக்குக் கண்ணாடிக் கதவு வழியா நின்னு பார்த்தாருங்க" என்றாள் அவள். "அவங்க தானா நிக்கிறதையும் தானா ஆரம்பிக்கிறதையும் பார்த்துட்டு அவரே சிரிச்சாரு. நல்ல சகுனம்."

"சாம்பிளுக்கே சிரிச்சாருன்னா, ஒரிஜினலுக்கு?" என்றார் இவர்.

அந்தக் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. மாதக் கடைசியில் மேலாளர் முறையாக வந்து உட்கார்ந்து பார்க்கப் போகிறார். மனைவியின் வகுப்பு அந்த ஒரு நாளில் தொங்குகிறது. அன்றைக்கும் ஊமைப் பாட்டையா போடுவது? வாழ்க்கையில் முதல்முறையாக ட்ரையல் மாமா ஒரு முடிவெடுத்தார். மைத்துனனைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

"மாமா, நெஜமாவா? காசு கட்டியா? நீங்களா?"

"சத்தமாப் பேசாதே."

"போன் மாத்தணும்னு வச்சிருந்த காசா அது?"

ஆமாம், அந்தக் காசுதான். அவருடைய போன் திரை கீழே விழுந்து குறுக்கே பிளந்திருந்தது. பிளந்தால் என்ன, கேட்கிறதல்லவா? மனைவிக்காக ஒரு மனிதன் இதுகூடச் செய்ய மாட்டானா? கண்ணை மூடிக்கொண்டு கட்டினார். கட்டி முடித்ததும் மென்பொருள் அவருக்கு நன்றி சொன்னது. பாட்டை ஓடவிட்டார். நிற்கவே இல்லை. ஊமையாக இருந்த இடங்களில் அடியில் என்ன இருக்கிறது என்று இதுவரை அவரே கேட்டதில்லை. அங்கே தாளம் பாட்டுக்கு டக் டக்கென்று போய்க்கொண்டிருந்தது. ஏறின மெட்டு ஒரு தடங்கலும் இல்லாமல் இறங்கியது. சுத்தம், கம்பீரம், ஒரு பொட்டுக் குறையில்லை. ஏதோ ஒன்று இடிக்கிறதே என்று ஒரு கணம் தோன்றியது. காசு கொடுத்து வாங்கியதில் என்ன இடிக்கப்போகிறது என்று விட்டுவிட்டார்.

அந்த நாள் வந்தது. அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவரும் கூடத்துக்குப் போனார். மனைவியிடம் புதுப் பாட்டைக் கொடுத்து, "இதைப் போடு. ஒரிஜினல்" என்றார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மேலாளரும் எலும்பு டாக்டரும் வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள். மேலாளர் மடியில் ஏதோ காகிதம். ட்ரையல் மாமா கதவுப் பக்கம் நின்றார். பாட்டு தொடங்கியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் காலை மெதுவாக ஆட்டினார்கள். மெட்டு ஏறியது. கால்கள் ஏறின. ஸ்டாப்பிங் வந்தது.

வரவில்லை.

தூக்கிய கால்கள் தூக்கியபடி நிற்க, பாட்டு அவற்றைத் தாண்டிப் போய்விட்டது. சிலர் இறக்கினார்கள், சிலர் இறக்கினவர்களைப் பார்த்துவிட்டு மறுபடி தூக்கினார்கள். கணக்கு டீச்சர் அவசரமாக எண்ணிப் பார்த்துக் கணக்கு தப்பியதில் பக்கத்து நாற்காலியில் இடித்துக்கொண்டார். தையல்கடை அம்மா காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை. பாதி வாழ்க்கை பஸ்ஸில் நின்றவர்.

"ஏம்மா! ஸ்டாப்பிங்ல நிக்காமப் போகுதே! ஆளுங்க இறங்க வேணாமா?"

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி கதவோரம் வியர்த்துப்போய் நின்றார். அந்த நேரத்தில்தான் அவருக்கு எல்லாம் புரிந்தது. பஞ்சு ஒட்டிய அறைக்கு வெளியே உட்கார்ந்து தினமும் எதற்குச் சம்பளம் வாங்கினாரோ, அதைக் காசு கொடுத்து அழித்துவிட்டு வந்திருக்கிறார். மனைவியின் வகுப்பைத் தன் கையாலேயே முடித்துவைத்தாயிற்று. மேலாளர் டாக்டரிடம் குனிந்து ஏதோ சொன்னார்.

மனைவி அவர் பக்கம் திரும்பவே இல்லை. முன்னால் நின்றிருந்தவள் மூலைக்கு நடந்து போய், பாட்டுப் பெட்டியின் மேல் கட்டை விரலை வைத்துக்கொண்டு நின்றாள். "எல்லாரும் என்னைப் பாருங்க" என்றாள். மெட்டு அடுத்த ஏற்றத்துக்கு வந்தது. கால்கள் எழுந்தன. விரலை அமுக்கினாள். சத்தம் நின்றது. கால்கள் நின்றன. தையல்கடை அம்மாவின் கால் இன்னும் மேலே வரவில்லை. அது வரும்வரை விரலை எடுக்கவில்லை. "வந்துருச்சு, வந்துருச்சு... அவ்வளவுதான்." விரலை எடுத்தாள். எல்லாக் கால்களும் ஒன்றாக இறங்கின. அடுத்த தடவை கணக்கு டீச்சருக்குக் கால் நடுங்கியதைப் பார்த்து முன்கூட்டியே விட்டுவிட்டாள். கண்டக்டர் தெம்பாக இருந்த இடத்தில் கொஞ்சம் இழுத்தும் பிடித்தாள். ட்ரையல் பாட்டு எல்லோருக்கும் ஒரே அளவு ஸ்டாப்பிங்தான் கொடுத்தது. இவள் ஆளுக்கு ஏற்ற மாதிரி கொடுத்தாள். பாட்டு முடிந்தபோது தையல்கடை அம்மா தன் முழங்காலைத் தானே தட்டிக்கொடுத்தார்.

மேலாளர் எழுந்து வந்தார். ட்ரையல் மாமா கதவோடு ஒட்டிக்கொண்டார்.

"உண்மையைச் சொல்லிடறேன்ம்மா" என்றார் மேலாளர். "அன்னிக்குக் கண்ணாடி வழியாப் பார்த்தேனில்ல? பாட்டே எல்லாத்தையும் பார்த்துக்குது, அவங்க தானா நிக்கிறாங்க, தானா ஆரம்பிக்கிறாங்க. சரி, டிவிகூட வேணாம், வாட்ச்மேன் வந்து பாட்டைப் போட்டுட்டுப் போனாலே போதும், உங்களை ஃபைல் ரூமுக்கு மாத்திடலாம்னு எழுதிக் கையில கொண்டுவந்துட்டேன். இன்னிக்குப் பார்த்தாத்தானே தெரியுது, ஒவ்வொருத்தர் காலையும் பார்த்துப் பார்த்து நிறுத்தறதுக்கு ஒரு ஆள் வேணும்னு. நீங்களே நடத்துங்க." காகிதத்தை இரண்டாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கதவுப் பக்கம் வந்தவர் நின்று கேட்டார்: "நீங்கதான் பாட்டு பண்ணினவரா? பாட்டு கொஞ்சம் விடாம ஓடுது. மத்தபடி பரவாயில்ல."

வீட்டுக்கு வந்ததும் ட்ரையல் மாமா நேரே ஸ்டூடியோவுக்குள் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டார். மனைவி காய் நறுக்கப் பலகையும் கத்தியுமாக வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள்.

"என்ன பண்றீங்க?"

"ஸ்டாப்பிங் வைக்கிறேன். காசு கட்டினதுல எங்க வேணும்னாலும், எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிறுத்தலாம். கொஞ்ச நேரத்து வேலை. தப்பு என்னுது, நானே சரிபண்ணிடறேன்."

"கையை வைக்காதீங்க."

"ஏன்? அது இருந்தாத்தானே பாட்டு நல்லாருக்கு?"

"நல்லாத்தான் இருக்கும்" என்றாள் அவள், கத்தியை நிறுத்தாமல். "அது பாட்டுலயே வந்துட்டா, அப்புறம் அங்க நான் எதுக்கு?"

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் தலையை நிமிர்த்தவில்லை. காசு கட்டியது வீண் என்று சொல்வதா, அந்தக் காசுதான் இவள் வேலையைக் காப்பாற்றியது என்று சொல்வதா என்று அவருக்குத் தெரியவில்லை. காப்பாற்றியது பாட்டின் அழகல்ல, அவர் செய்த தவறு என்பது மட்டும் தெரிந்தது. இத்தனை வருஷம் குறையில்லாத ஒன்றைத் தேடி அலைந்தவருக்கு அது கொஞ்சம் வலித்தது. ஆனால் நறுக்கிக்கொண்டிருந்த அவள் அந்த மெட்டை வாய்க்குள் முணுமுணுத்தாள். அவளுக்காகப் பண்ணுவதாகச் சொன்ன பாட்டு அவள் வாயில் வந்துவிட்டது. அதைக் கேட்டபோது அவருக்கு வலி போன இடம் தெரியவில்லை. மென்பொருள், 'சேமிக்கவா?' என்று கேட்டது. வேண்டாம் என்று சொல்லி மூடினார்.

அப்போது பிளந்த போன் அடித்தது. எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார். கீபோர்டு வாசிக்கும் யாரோ ஒருவர், புதிதாகப் பாட்டு பண்ணப் போகிறாராம். ஓசி போதுமா, காசு கட்டணுமா என்று கேட்டார்.

ட்ரையல் மாமா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் பழைய வெளிச்சம் வந்தது. இப்போது அவர் காசு கட்டியவரும் ஆயிற்றே, சொல்ல எவ்வளவோ இருந்தது.

"முதல்ல மூணு விஷயம் பார்க்கணும்" என்று ஆரம்பித்தார்.

முதல் விஷயத்தில் மூன்றாவது கிளை பிரிந்தபோது மனைவி எழுந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கட்டை விரலைப் போன் திரையின் மேல் வைத்து அமுக்கினாள்.